தொங்கிப் பார்க்கும் நெரிஸ்

நெரிஸ் ப்யூ சுவரில் எதை மாட்டினாலும் அதைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பாள். பூச்சட்டிக் கொக்கி, துணிக்கொடி வளையம், டிஷ் ஆண்டெனாவின் கை, எதுவானாலும் சரி. ஸ்க்ரூவை முடுக்குவாள், டிரில்லைப் பையில் வைப்பாள், கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகுவாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்துக் காலை மடக்கிக்கொண்டு பத்து எண்ணும்வரை தொங்குவாள். நாற்பத்தேழு வயதுப் பெண்பிள்ளை இப்படித் தொங்கினால் தெரு சும்மா இருக்குமா? பிள்ளைகள் குரங்கு போலக் கத்துவார்கள். அவள் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டாள்.

எங்கள் மலையூர் கூம் ஹெலிக்கில் யாரையும் வெறும் பெயரால் கூப்பிட்டுப் பழக்கமில்லை. பால் ஊற்றிய டேவிட், அந்த வேலையை விட்டு இருபது வருஷம் ஆன பிறகும் பால் டேவிட்தான். நெரிஸ் கொக்கி நெரிஸ். நான் மால்ட்வின், சுவருக்குப் பூச்சுப் பூசுகிறவன், ஆகவே சாந்து மால். மண்டையைப் போட்டாலும் கல்லறையில் அப்படித்தான் எழுதுவார்கள் என்று நினைக்கிறேன்.

எங்களுடைய வேலை இதுதான். மலைச்சரிவில் இருக்கும் பழைய வாடகை வீடுகள் குளிரில் நடுங்கும், சுவர் உள்ளே வேர்த்து வழியும். அவற்றுக்கு வெளிப்பக்கமாக ஒரு கோட்டு மாட்டிவிடுகிறோம். முதலில் நாலு அங்குலத் தெர்மாகோல் பலகை. அதன் மேல் வலை. வலைக்கு மேல் என் பூச்சு. பூசி முடித்த சுவரைச் சாரம் பிரித்த பிறகு தெருவின் அந்தப் பக்கம் நின்று பார்த்தால் எனக்கே கண்பட்டுவிடும் போலிருக்கும். அப்போது நெரிஸ் டிரில்லைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

அவளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வந்துட்டியா, என் சுவத்தைக் கொதறிப் போட?" என்பேன்.

"வீட்டுக்காரங்க இருட்டுலயே இருக்கணுமா? விளக்கு மாட்ட வேணாமா?" என்பாள்.

"மாட்டு. வேற எவன் சுவத்துலயாவது மாட்டு."

கோட்டு மாட்டுவதற்கு முன்னால் சுவரில் இருக்கும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். வாசல் விளக்கு, மழைநீர்க் குழாய், டிஷ், கேபிள், வீட்டு எண். கோட்டு மாட்டியபின் எல்லாம் திரும்ப அதே இடத்துக்கு வர வேண்டும். ஆனால் இப்போது பூச்சுக்குப் பின்னால் செங்கல் கிடையாது, தெர்மாகோல்தான். அதில் ஸ்க்ரூ முடுக்குவதும் பஞ்சில் ஆணி அடிப்பதும் ஒன்று. அதனால் எங்கெங்கே பாரம் வரப்போகிறதோ அங்கெல்லாம் தெர்மாகோலை வெட்டி எடுத்துவிட்டு, கறுப்பாய்க் கெட்டியாய் ஒரு பிளாஸ்டிக் கட்டையைச் செங்கல்லோடு சேர்த்து முடுக்கிவிடுவோம். அதன் மேல் பூசிவிட்டால் கட்டை எங்கே இருக்கிறது என்று கடவுளுக்கும் நெரிஸின் காகிதத்துக்கும்தான் தெரியும். வீட்டுக்கு வீடு அளந்து பென்சிலால் வட்டம் போட்டு அவள் வரைந்து தருவாள். அதைப் பார்த்துக் கட்டை பதிப்பது என் வேலை.

எங்கள் ஊர் வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டிப் பிறந்தவை. ஒன்றின் கதவு இடக்கோடியில் என்றால் மற்றதன் கதவு வலக்கோடியில் இருக்கும். முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்த மாதிரி எல்லாமே இடம் வலம் மாறி இருக்கும். அதனால் ஜோடிக்கு ஒரே காகிதம். முதல் வீட்டுக்கு அப்படியே பார்க்க வேண்டும். இரண்டாவது வீட்டுக்குக் காகிதத்தைத் திருப்பி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பின்பக்கமாகப் பார்க்க வேண்டும். சின்னக் குழந்தையும் செய்துவிடும் காரியம்.

நெரிஸின் பூர்வகதை ஊருக்கே தெரியும். பத்தொன்பது வயதில் கேபிள் டிவிக்காரர்களிடம் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டுச் சுவர்களில் நாளெல்லாம் கேபிளுக்குக் கிளிப் அடிப்பாள். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும், மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போய்விடும் என்று அப்போதே கற்றுக்கொண்டாள். இன்றைக்கும் மழை பெய்தால் போதும், குடையைப் பிடித்துக்கொண்டு ஊரில் உள்ள வளைவுகள் சொட்டுகின்றனவா என்று பார்த்துக்கொண்டு போவாள். கேபிள் தெர்மாகோலைத் தொட்டுக்கொண்டே இருந்தால் சில வருஷத்தில் அதன் தோல் விறைத்து வெடிக்கும் என்பதால் ஒவ்வொரு கேபிளையும் ஒரு குழாய்க்குள் விட்டுத்தான் கொண்டுபோவாள். மற்றவர்கள் அதைச் செய்வதும் உண்டு, மறப்பதும் உண்டு. இவள் மறந்ததே கிடையாது.

ராய் என்று ஒரு புருஷன் இருந்தான். நல்ல மனிதன், உட்கார்ந்த இடத்தை விட்டு எழாதவன். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் ஒருமுறைகூடச் சோபாவில் முதுகு சாய்ந்து தான் பார்த்ததில்லை என்று மதுக்கடையில் புலம்புவான். கடைசியில் சோபாவை எடுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டான். சோபா போனதை அவள் ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தாள் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.

இந்தப் பரபரப்பு அவளுக்குப் பிறவியிலேயே வந்தது அல்ல. கேபிள் வேலைக்குப் பிறகு டிஷ் மாட்டும் வேலை பார்த்தாள். அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு வீட்டுக்கு எப்போதோ கோட்டு மாட்டியிருந்தார்கள். அது அவளுக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. சாதாரணச் சுவர் என்று நினைத்து, ஓட்டையில் சாதாரண பிளக் செருகி, சாதாரண ஸ்க்ரூ முடுக்கிவிட்டு வந்தாள். மூன்று மாதம் கழித்து ஒரு காற்றுக் காலத்தில் டிஷ் பெயர்ந்து கீழே நின்ற குழந்தைத் தள்ளுவண்டி மேல் விழுந்தது. வண்டி நசுங்கியது. குழந்தை வண்டியில் இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, விடு என்று எல்லோரும் சொன்னார்கள். அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்வதில்லை, அன்றிலிருந்துதான் தொங்கவும் ஆரம்பித்தாள்.

இனி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பதினாறாம் நம்பர் வீட்டில் இத்வால் ரீஸ் இருக்கிறார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஆள் பீப்பாய் மாதிரி இருப்பார், வாயும் அப்படித்தான். இடுப்பு மூட்டு மாற்றும் அறுவைச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். சனிக்கிழமை பிற்பகல் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் வாசலுக்கு மூன்று படி. எங்கள் சரிவில் மூன்று படி என்றால் கீழே கல்தரை, அதற்குக் கீழே சாலை. கதவுக்கு இடப்பக்கம் ஒரு கைப்பிடிக் கம்பி இருக்க வேண்டும், அதைப் பிடித்துத்தான் அவர் ஏற முடியும். சனிக்கிழமைக்குள் அது மாட்டப்பட்டாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை நெரிஸ் காகிதத்தை வைத்து அளந்தாள். சுவரில் டேப் ஒட்டி நாலு புள்ளி வைத்தாள். டிரில்லைக் கையில் எடுத்தபோது ஆபீசிலிருந்து போன் வந்தது. கீழ்த்தெருவில் ஒரு வீட்டில் அவள் மாட்டிய அலாரப் பெட்டி சாய்ந்து நிற்கிறதாம். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மால், இதை நீ மாட்டிடறியா? நாலு ஓட்டை, நாலு ஸ்க்ரூ. புள்ளி வெச்சிருக்கேன்."

"என் சுவத்துல என்னையே ஓட்டை போடச் சொல்றியா? இதென்ன கொடுமை!"

"வெளையாடாத. மாட்டிட்டு தொங்கிப் பாரு. பத்து எண்ணு."

"சரி, சரி, போ."

அவள் போய்விட்டாள். நான் டிரில்லை வைத்து அழுத்தினேன். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி உள்ளே போனது. பரவாயில்லையே, இதற்கா இவள் இத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நாலு ஸ்க்ரூவையும் முடுக்கினேன். கம்பி ஜம்மென்று நின்றது.

தொங்கலாம் என்று கையுறையைக் கூடக் கழற்றினேன். எதிர்வீட்டு வாசலில் மூன்று பெண்கள் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார்கள். "என்ன கண்ணு, இன்னைக்கு நீ தொங்கப் போறியா? சீக்கிரம் ஆகட்டும், டீ ஆறுது!" என்றாள் ஒருத்தி. எனக்குக் காது சூடேறியது. நூற்றுப் பத்து கிலோ உடம்பை வைத்துக்கொண்டு இவர்கள் முன்னால் காலை மடக்கித் தொங்குவதா? கம்பியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வண்டி ஏறினேன்.

சாயங்காலம் நெரிஸ் போன் பண்ணினாள். அலாரப் பெட்டி நேராகத்தான் இருந்ததாம், சாலை சாய்ந்திருந்ததால் யாரோ பெட்டி சாய்ந்ததாக நினைத்துவிட்டார்களாம்.

"தொங்கினியா?" என்றாள்.

"தொங்கினேன்," என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

மறுநாள் கிளப்பில் ரக்பி மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ஊரே அங்கேதான் இருந்தது. இரண்டாவது பியர் பாதி முடிந்திருந்தபோது அவள் மறுபடி போன் பண்ணினாள்.

"மால், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நேத்து ஓட்டை போட்டப்ப என்ன தூள் விழுந்துச்சு?"

"என்னம்மா நீ, சனிக்கிழமையும் விட மாட்டியா? தூள்னா தூள்தான்."

"என்ன கலரு?"

"வெள்ளை. பனி கொட்டுற மாதிரி பொலபொலன்னு."

சொல்லும்போதே எனக்கும் உறைத்தது. கட்டை கறுப்பு. கட்டையில் ஓட்டை போட்டால் கறுப்புத் தூள் சுருள் சுருளாக விழ வேண்டும். வெள்ளையாக விழுந்தது தெர்மாகோல். அந்த இடத்தில் கட்டையே இல்லை. ஒரு நகக்கண் பருமன் பூச்சுதான் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கட்டை பதித்தவன் நான்தான். அன்றைக்கு மழை பெய்தது. காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெரிஸ் கொடுத்திருந்தாள். உறையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பிடிக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு, ஜோடி வீடான பதினாலாம் நம்பருக்குப் பார்த்தபடியே பதினாறுக்கும் பார்த்துவிட்டேன். கதவுக்கு இடப்பக்கம் போக வேண்டிய கட்டை கதவுக்கு வலப்பக்கம் போய்விட்டது.

"அவரு எத்தனை மணிக்கு வராரு?" என்றாள் நெரிஸ்.

"மூணு."

"இப்ப மணி ரெண்டு அம்பது. நான் கீழ டவுன்ல இருக்கேன், வர இருபது நிமிஷம் ஆவும். ஓடுடா மால்!"

ஓடினேன். கிளப்பிலிருந்து அந்தச் சரிவுக்கு நடந்தால் பத்து நிமிஷம் ஆகும், அத்தனையும் ஏற்றம். பின்னால் கிளப்பே எழுந்து கத்தியது, நம்மவன் எவனோ பாயிண்ட் எடுத்துவிட்டான் போலிருக்கிறது. வழியில் பால் டேவிட் "மேட்ச் அங்க நடக்குது, நீ எங்கடா ஓடற?" என்று கேட்டார். கையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடினேன். இத்வால் அந்தக் கம்பியில் தன் பாரத்தையெல்லாம் போட்டுச் சாய்வதும், பூச்சு பிய்த்துக்கொண்டு வருவதும், புது இடுப்போடு அவர் மூன்று படியும் தாண்டிக் கல்தரையில் விழுவதும் என் கண்முன்னால் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன.

தெருமுனையைத் திரும்பும்போது ஆம்புலன்ஸ் என்னைத் தாண்டிக் கீழே இறங்கிப் போனது. சீக்கிரமே வந்துவிட்டிருக்கிறார்கள். பதினாறாம் நம்பர் கதவு திறந்திருந்தது. கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே இத்வால் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு தட்டு வெல்ஷ் கேக்.

"யாரு, சாந்து மாலா? என்னப்பா இப்படி மூச்சு வாங்குது? ஆபரேஷன் எனக்கா உனக்கா?"

"கம்பி," என்றேன். "கம்பியைப் புடிச்சு ஏறினீங்களா?"

"எங்க புடிக்க விட்டான்! கம்பி இருக்குல்ல, நானே ஏறிக்கறேன், கையை எடுடான்னு அந்த ஆம்புலன்ஸ் பையன்கிட்ட மூணு வாட்டி சொன்னேன். முதல் நாள் கைத்தாங்கலாத்தான் கூட்டிட்டுப் போகணும்னு ஒரே பிடிவாதம். கல்யாணப் பொண்ணை மாதிரி என்னை இடுக்கிக்கிட்டு வந்து இறக்கிட்டுப் போனான். ஏன் கேக்கற?"

நான் வெளியே வந்தேன். கம்பியை ஒரு கையால் பிடித்தேன். தொங்கவில்லை, பாரம்கூடப் போடவில்லை, கதவுக் கைப்பிடியை இழுப்பதுபோல வெறுமனே இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. கூடவே தட்டு அளவுக்குப் பூச்சும் பிய்த்துக்கொண்டு வந்தது. நான் பூசியது, தெருவின் அந்தப் பக்கம் நின்று ரசித்தது. ஓட்டையிலிருந்து வெள்ளை மணிகள் படியெல்லாம் உருண்டன.

நெரிஸ் வண்டியை நடுச்சாலையில் நிறுத்திவிட்டு வந்தாள். என்னைப் பார்த்தாள், கையில் இருந்த கம்பியைப் பார்த்தாள், திறந்த கதவுவழியே இத்வால் கேக் தின்பதைப் பார்த்தாள். பிறகு படியில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"தொங்கினேன்னு சொன்னியே."

"பொய் சொன்னேன்."

"ஏன் மால்?"

"எதிர்வீட்டுப் பொம்பளைங்க பாத்துட்டு இருந்தாங்க. வெக்கமாப் போச்சு."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கட்டையை எங்க வெச்சே?" என்று மட்டும் கேட்டாள். வலப்பக்கத்தைக் காட்டினேன். காகிதத்தைத் திருப்பாததையும் சொன்னேன். அவள் வலப்பக்கச் சுவரை விரல் முட்டியால் தட்டினாள். கெட்டியாகச் சத்தம் வந்தது. ஒரு மனிதனையே தாங்கக்கூடிய கட்டை அங்கே எதையும் தாங்காமல் நன்றாகத்தான் இருந்தது.

"அந்தத் தள்ளுவண்டிக் கதை தெரியும்ல உனக்கு?" என்றாள்.

"தெரியும். வண்டியில கொழந்தை இல்லை."

"கொழந்தை இருந்துச்சு. வண்டியிலதான் இருந்துச்சு. குளிருதேன்னு அவங்கம்மா தொப்பி எடுக்க உள்ள போனா. அது அழுதுச்சுன்னு அதையும் தூக்கிட்டுப் போனா. திரும்பி வரதுக்குள்ள விழுந்துடுச்சு. மஞ்சத் தொப்பி. அவளே எனக்குக் காட்டினா. சத்தம் போடக்கூட இல்லை, தொப்பியை மட்டும் காட்டினா." நெரிஸ் கையுறையை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். "அந்த ஆம்புலன்ஸ் பையனோட பிடிவாதம் இருக்கு பாரு மால், அதுதான் உனக்குத் தொப்பி."

அவளை எத்தனை வருஷம் குரங்கு என்று சிரித்திருக்கிறோம்.

உள்ளிருந்து இத்வால், "என்ன அங்க ரெண்டு பேரும் குசுகுசுன்னு? என் வீட்டை உடைச்சுட்டீங்களா?" என்று கத்தினார். உள்ளே போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் தட்டைக் கீழே வைத்தார். "அப்ப நாளைக்கு அந்தப் பையனுக்கு ஒரு நன்றி சொல்லணும்," என்றார். "அவனை நான் என்னென்ன வார்த்தை சொல்லித் திட்டினேன் தெரியுமா!"

ஞாயிற்றுக்கிழமை என் சுவரை நானே அறுத்தேன். தெர்மாகோலை வெட்டி எடுத்து, கட்டையை இடப்பக்கம் வைத்துச் செங்கல்லோடு முடுக்கி, வலை போட்டுப் பூசினேன். அது காயும்வரை இத்வாலை வெளியே விடாமல் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டுப் பெண்கள் முறை போட்டுக்கொண்டார்கள். திங்கட்கிழமை மேஸ்திரியிடம் நானே போய்ச் சொன்னேன், அவர் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். இரண்டு நாள் கழித்து நெரிஸ் ஓட்டை போட்டாள். கறுப்புத் தூள் சுருள் சுருளாக விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள். மூன்று பெண்களும் கோப்பையோடு நின்றார்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். நான் கையுறையைக் கழற்றி, நூற்றுப் பத்து கிலோவையும் அந்தக் கம்பியில் போட்டுக் காலை மடக்கினேன். பத்து எண்ணுவதற்குள் தெருவே குரங்காகக் கத்தியது. கம்பி அசையவில்லை.

ஒட்டுப்போட்ட இடம் மட்டும் நிறம் சேரவில்லை. வேறு மூட்டைச் சாந்து. மழை பெய்தால் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் கருத்துத் தெரிகிறது. முன்பெல்லாம் இப்படி ஒரு வட்டம் என் சுவரில் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. இப்போது அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நின்று பார்க்கிறேன். நிற்பதோடு விடுவதில்லை. நான் பதித்த கட்டைகள் இந்த ஊரில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அன்றைக்கு மழை பெய்ததா, காகிதத்தைத் திருப்பினேனா என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே நடக்கிறேன். மேட்ச் பாதியில் எழுந்து போய்விடுகிறேன். என் மனைவி சோபாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

போன வாரம் இருபத்திரண்டாம் நம்பரில் பூச்சட்டிக் கொக்கி மாட்டினோம். டிரில்லை அவள் என் கையில் கொடுத்தாள். நான்தான் ஓட்டை போட்டேன், தூளைக் கையில் ஏந்திக் கறுப்பு என்று காட்டினேன், முடுக்கினேன், தொங்கினேன், பத்துக்குப் பதில் பதினைந்து எண்ணினேன். இறங்கியதும் நெரிஸ் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான்தான் தொங்கிட்டேன்ல. இன்னும் என்மேல நம்பிக்கை வரலையா?" என்று கேட்டேன்.

"நம்பறேன்," என்று சொல்லிவிட்டுக் கொக்கியைப் பிடித்துக் காலை மடக்கினாள்.